ரோம் சதுக்கத்துல தண்ணிக்குள்ள வண்டி ஓடுதே?

கேள்வி: ரோம்ல இருக்குற பியாஸ்ஸா நவோனா சதுக்கத்தோட பழைய செப்புத்தகடு பிரிண்ட் ஒண்ணு பாத்தேன், 18ஆம் நூற்றாண்டாம், சதுக்கம் பூரா தண்ணி, குதிரை வண்டியெல்லாம் அதுக்குள்ளயே சுத்துது, ஓரத்துல ஒரே கூட்டம். வெள்ளமா, இல்ல வரைஞ்சவர் கற்பனையா?

பதில்: ரெண்டும் இல்லீங்க, வேணும்னே விட்ட தண்ணி. ஆகஸ்ட் வீக்கெண்டுல ஃபவுண்டன் வடிகாலை அடைச்சிருவாங்க, அப்போ தரை நடுவுல குழிவா இருந்ததால தேங்கிரும், பணக்காரங்க வண்டிய இறக்கி ஒரே கும்மாளம். 1652ல ஆரம்பிச்சு 19ஆம் நூற்றாண்டு வரை நடந்துச்சு.

பதில்: நடுவுல தூண் மாதிரி நிக்குறது சிற்பி பெர்னினியோட நாலு நதி ஃபவுண்டன், 1651. ஆளுங்க சைஸ மட்டும் நம்பாதீங்க, கட்டடம் பிரம்மாண்டமா தெரியணும்னு மனுஷங்கள எறும்பாட்டம் போட்டுருவாங்க.

கேட்டவர்: சரி, ஆனா சதுக்கத்துல இருக்குற சர்ச் படத்துல எதிர்ப்பக்கம் இருக்கே?

பதில்: படத்துக்கு மேல தலைப்பு இடவலமா திருப்பி எழுதியிருக்கா பாருங்க. இருந்தா அது முகம் பாக்குற மாதிரி கண்ணாடி வச்ச பெட்டியில பாக்கவே அச்சடிச்சது, கண்ணாடியில சர்ச் சரியான பக்கம் வந்துரும்.