சூடானா நிக்குது, ஆறினா ஓடுது: புல்வெட்டி காயில் அனுபவங்கள்

புல்தரை:
என்கிட்ட இருக்கிறது பின்னாடி நடந்து தள்ளுற மெஷின், ஒத்தை சிலிண்டர் எஞ்சின். காலையில கயிறை ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், கிளம்பிடும். பாதிப் புல் வெட்டி முடிக்கிறப்போ பட்டுனு நின்னுடும். அதுக்கப்புறம் எவ்வளவு இழுத்தாலும் மூச்சு விடாது. நல்லா ஆறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்.

கார்புரேட்டரைக் கழட்டச் சொன்னவங்கதான் அதிகம். எனக்கு அது சரியாப் படல. பெட்ரோல் பத்தலன்னா எஞ்சின் ஏறி இறங்கும், இருமும், சோக் போட்டா கொஞ்சம் தேறும். இது சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி நின்னுச்சு. இருந்தாலும் டேங்க் மூடியைத் தளர்த்தி வச்சு ஓட்டிப் பார்த்தேன். மூடியில இருக்கிற காத்துத் துளை அடைச்சுக்கிட்டாலும் இதே மாதிரி கொஞ்ச நேரம் ஓடி நிக்கும். மாற்றம் இல்ல.

அதனால பிளக்குக்குப் பொறி வருதான்னு காட்டுற ஸ்பார்க் டெஸ்டரைச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டு வெட்டினேன். நின்ன உடனே, சூடு ஆறுறதுக்குள்ள மாட்டி இழுத்தேன். துளி வெளிச்சம் இல்ல. பிளக்கைக் கழட்டிப் பார்த்தா நுனி பெட்ரோல்ல நனைஞ்சிருக்கு. ஆறினப்புறம் அதே டெஸ்டர்ல நீலமா பளிச்சுனு அடிக்குது. பிளக்குக்கு மின்சாரம் அனுப்புற இக்னிஷன் காயிலை மாத்தினேன், தொந்தரவு போச்சு. காயிலுக்குள்ள தலைமுடியை விட மெல்லிசான கம்பிச் சுத்து ஆயிரக்கணக்குல இருக்கு. அதுல எங்கயாவது விரிசல் இருந்தா சூட்டுல விரிஞ்சு தொடர்பு அறுந்துடும், ஆறினா ஒட்டிக்கும். உள்ள இருக்கிற டிரான்சிஸ்டர் சூடு தாங்காமப் போறதும் உண்டு. அதனாலதான் ஆறின மெஷினை வச்சு காயில் நல்லா இருக்குன்னு சொல்றதை நான் நம்புறதில்ல.

ரீகாயில் கயிறு:
அண்ணா, மாத்துறதுக்கு முன்னாடி எஞ்சினை நிறுத்துற ஆஃப் ஒயரைக் கழட்டிப் பார்த்தீங்களா? பக்கத்து வீட்டு மெஷின்ல ஸ்பார்க் சுத்தமா இல்ல. அவர் ஏற்கனவே புது காயில் போட்டிருந்தார், அப்பவும் இல்ல. மேல் மூடியைக் கழட்டிக் காயில்ல இருந்து வர்ற அந்த ஒத்தை ஒயரை உருவி விட்டு இழுத்தேன், ஸ்பார்க் வந்துடுச்சு. மூடியோட ஓரத்துல உரசி ஒயரோட தோல் போய், இரும்புல பட்டு எர்த் ஆகியிருக்கு. இந்த எஞ்சின்கள்ல ஆஃப் பண்றதுன்னாலே காயிலை எர்த்ல சேர்க்கிறதுதானே. ஒயர் வழியில எங்க ஷார்ட் ஆனாலும் எஞ்சின் தன்னை ஆஃப் பண்ணதாத்தான் நினைச்சுக்கும். எலி கடிச்ச ஒயரும் இதே வேலையைக் காட்டும்.

இன்னொண்ணு, கைப்பிடி லிவரைப் பிடிக்காம இழுத்துட்டு ஸ்பார்க் இல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. லிவரை விட்டா எர்த் ஆகணும்கிறதுதான் அதோட அமைப்பே.

புல்தரை:
பார்த்தேன் தம்பி. ஒயரை உருவிட்டும் சூட்டுல ஸ்பார்க் இல்ல, அதுக்கப்புறம்தான் காயில் வாங்கினேன். ஒயர் இல்லாம எஞ்சினை ஓட விடுறவங்க கவனமா இருங்க, சுவிட்ச்ல அது நிக்காது. பிளக்கை எஞ்சின் உடம்புல எர்த் பண்ணிக் கயிறு இழுத்துப் பார்க்கிறதோட நிறுத்திக்கிறது நல்லது. அதுவும் பிளக் துளை வாய்க்குப் பக்கத்துல வேண்டாம், உள்ள இருந்து பெட்ரோல் ஆவி வரும்.

பட்டறைக்காரர்:
மீட்டர் வச்சுப் பார்த்தேன், காயில் ஓகேன்னு சொல்லி எடுத்துட்டு வர்றவங்களுக்காக எழுதுறேன். ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினோட காயிலுக்கு பிரைமரி (தடிச்ச கம்பிச் சுத்து) 0.8 முதல் 1.0 ஓம், செகண்டரி (பிளக்குக்குப் போற மெல்லிசான சுத்து) 5.9 முதல் 7.1 கிலோ ஓம். ஆனா அந்தக் கணக்கை வேற எஞ்சினுக்குப் போட முடியாது. எலக்ட்ரானிக் பாகம் உள்ளேயே இருக்கிற காயில்ல பிரைமரி பக்கம் மீட்டர் காட்டுற எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்ல. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 1982ல மேக்னட்ரான்ங்கிற எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்தப்புறம், அவங்க எஞ்சின்ல திறந்து மூடி ஸ்பார்க் கொடுக்கிற பாயிண்ட் தேயுற கதை போச்சு, அதோட மீட்டர் வச்சு முடிவு சொல்ற கதையும் போச்சு. செகண்டரி முழுசா அறுந்திருந்தா மீட்டர் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். தீர்ப்பு டெஸ்டர் கையில. மெதுவா இழுத்தா நல்ல காயிலும் அடிக்காது, மேக்னெட் வச்ச ஃபிளைவீல் சக்கரம் நிமிஷத்துக்கு 350 சுத்தாவது சுத்தணும்.

ஏர் கேப், அதாவது காயிலுக்கும் சக்கரத்து மேக்னெட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, அதை விட முக்கியம். பல பிரிக்ஸ் எஞ்சின்கள்ல 0.25 முதல் 0.35 மி.மீ., ஜிஎக்ஸ்160ல 0.4 மி.மீ., கூடக் குறைய 0.2. மழைக்காலம் முழுக்க சும்மா கிடந்த மெஷின்னா, மேக்னெட் மேலயும் காயில் தகடு மேலயும் துரு ஏறியிருக்கும். மெல்லிசா உப்புத்தாள் போட்டுத் தேச்சு, கேப் திரும்ப வச்சதுமே உயிர் வந்த மெஷின்கள் எத்தனையோ. ஸ்க்ரூவைத் தளர்த்தி, மேக்னெட்டை நேரே கொண்டுவந்து, நடுவுல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) வச்சா காயிலை அதுவே இழுத்துக்கும். அப்படியே முறுக்கிட்டு, சக்கரத்தைச் சுத்தி கேஜை வெளிய எடுத்துடலாம். கேஜ் எஃகா இல்லாம இருந்தா நல்லது, மேக்னெட் வம்பு பண்ணாது.

வேர்க்கட்டை:
என் அனுபவம் நேர் எதிர் சார். ஸ்பார்க் அருமையா இருந்துச்சு, எஞ்சின்தான் கிளம்பல. இழுத்தா கயிறு கையைப் பிடுங்கிட்டுப் போகுது. காயில் பலவீனமாயிடுச்சு, ஸ்பார்க் இருந்தும் வலு இல்லன்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். ஒரு வாரம் முன்னாடி பிளேடு மரத்தோட வேர்ல மோதி நின்னது ஞாபகம் வந்து, ஃபிளைவீலைக் கழட்டினேன். சக்கரத்தைத் தண்டுல நகராமப் பிடிக்கிற சாவி (ஃபிளைவீல் கீ) பாதி நறுங்கியிருந்தது. சக்கரம் கொஞ்சம் நகர்ந்ததால ஸ்பார்க் தப்பான நேரத்துல விழுந்திருக்கு. அந்தச் சின்ன உலோகத் துண்டை மாத்தினதும் சரியாயிடுச்சு. இரும்புச் சாவியா போட்டுக்கோ, இனிமே உடையாதுன்னும் ஒரு யோசனை வந்துச்சு. அதைக் கேட்கவே இல்ல. மென்மையா இருக்கிறதால அது முதல்ல விட்டுக்கொடுக்குது, இல்லன்னா அடியை எஞ்சினோட கிராங்க் தண்டு வாங்கும்.

ரீகாயில் கயிறு:
புது காயில் போடும்போது எந்தப் பக்கம் வெளிய பார்க்கணும்? என்னோடதுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு.

பட்டறைக்காரர்:
உத்துப் பாருங்க தம்பி, சிலிண்டர் பக்கம் எதுன்னு பல காயில்கள்ல அச்சு போட்டிருப்பான். அச்சு இல்லன்னா பழசு கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல படம் எடுத்து வச்சுக்கோங்க. திருப்பி மாட்டினாலும் ஸ்க்ரூ உக்காரும், ஸ்பார்க் கூட வரலாம், நேரம் மட்டும் ஒத்துவராது. அப்புறம் வேர்க்கட்டை சார் மாதிரி ஃபிளைவீலைக் கழட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க.