காய்ச்சலோடு டியூட்டி: நாமே போட்டுக்கொள்ளும் மாத்திரைகளில் எது எதோடு ஆகாது?

நைட் டியூட்டி (டர்பன்):
வணக்கம். குளிர்காலம் வந்தாலே எங்கள் வார்டில் பாதிப் பேருக்கு இருமல், சளி. லீவு போட யாருக்கும் மனசு வராது. பனாடோ (பாரசிட்டமால்), சளிக்கு ஒரு சாஷே, கரையும் விட்டமின் சி, ஜிங்க், மூன்று நாளைக்கு அமாக்ஸிசிலின் ஆன்டிபயாட்டிக் என்று ஆளாளுக்கு ஒரு கைவைத்தியம். இதில் எது எதோடு ஆகாது?

பீனிக்ஸ் பார்மசி:
முதலில் பாரசிட்டமால் கணக்கைப் பாருங்கள், சிஸ்டர். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சம், அதாவது 500 மி.கி. மாத்திரை 8. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் இன்னும் குறைவு. பனாடோ இரண்டிரண்டாக நாலு வேளை போட்டாலே அந்த அளவு தீர்ந்துவிடும். சளி சாஷேயிலும் கோடீன் கலந்த வலி மாத்திரையிலும் பெரும்பாலும் அதே பாரசிட்டமால் இருக்கிறது. பெயர் வேறாக இருப்பதால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. முதல் நாள் வெறும் குமட்டல், அடுத்த நாள் சரியாகிவிட்டது போல இருக்கும், ஆனால் அதே நேரத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் ரத்தத்தில் ஏறத் தொடங்கியிருக்கும். அளவு தாண்டியது தெரிந்தால் வாந்திக்குக் காத்திருக்காமல் உடனே கேஷுவல்ட்டிக்குப் போக வேண்டும்.

தண்ணீரில் கரையும் பாரசிட்டமாலில் ஒரு மாத்திரைக்குச் சுமார் 400 மி.கி. சோடியம். எட்டு போட்டால் 3 கிராமைத் தாண்டும். பிரஷர் உள்ளவர்கள் சாதா மாத்திரையே போடுங்கள்.

அமாக்ஸிசிலின் ஷெட்யூல் 4 மருந்து, அதாவது டாக்டர் சீட்டு வேண்டும். வைரஸ் சளிக்கு அதால் ஒரு பயனும் இல்லை.

தொற்றுத் தடுப்பு சிஸ்டர்:
வேலையில் ஊசி குத்தி, எச்ஐவி தொற்றாமலிருக்க 28 நாள் டிஎல்டி (டோலுடெகிராவிர் சேர்ந்த கூட்டு மாத்திரை) எடுப்பவர்கள் ஜிங்க் விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருக்கணும். ஜிங்க், மெக்னீசியம், அலுமினியம் ஆன்டாசிட் எல்லாம் வயிற்றிலேயே டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்துக்குப் போதுமான அளவு போகாது. டிஎல்டியை ஜிங்க்குக்கு 2 மணி நேரம் முன்னால் போடுங்கள், இல்லாவிட்டால் 6 மணி நேரம் கழித்து. அந்த 28 நாளும் ஜிங்க்கே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மற்றவர்களுக்கும் ஜிங்க் ஒரு நாளைக்கு 40 மி.கி.க்கு மேல் வேண்டாம். 50 மி.கி. மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரலாம், வெள்ளணுவும் இறங்கலாம்.

டிபி கிளினிக் டாக்டர்:
அமாக்ஸிசிலினைவிட எனக்குப் பயம் லீவோஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்குகள்தான். இவை டிபி கிருமியையும் அடிக்கும். ஒரு வாரம் போட்டால் இருமல் தணியும், சளிப் பரிசோதனையில் கிருமி சிக்காமலும் போகலாம், நோய் உள்ளேயே இருக்கும். தனியாக அது ஒன்றையே போட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். டிபி வார்டில் வேலை செய்பவருக்கு இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆன்டிபயாட்டிக் தொடும் முன் சளியை ஜீன்எக்ஸ்பர்ட் என்ற டிபி பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

நைட் டியூட்டி:
நன்றி டாக்டர். மஞ்சள் கேப்ஸ்யூல்? அது உணவுதானே என்று பலரும் போடுகிறார்கள்.

டிபி கிளினிக் டாக்டர்:
ரசத்திலும் பாலிலும் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மிளகின் பைப்பரின் சேர்த்த கேப்ஸ்யூல் வேறு, உடம்பில் பல மடங்கு ஏறும், கல்லீரல் அழற்சி வந்த கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. டிபி தடுப்புக்கு ஐசோநியாசிட் எடுப்பவர்கள் அந்தக் கேப்ஸ்யூலைத் தொடவே கூடாது, அந்த மருந்தும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ போட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, டப்பாக்களையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.