கழுத்தில் நரம்பு மரப்பு ஊசி போட்டார்கள், ஐந்து மணி நேரத்தில் வலி திரும்பிவிட்டது. இது தோல்விதானா?

நூல்கண்டு:

வணக்கம். எனக்கு வயது 44, தையல்தான் தொழில். இரண்டு வருஷம் நாலு மாதத்துக்கு முன்னால், சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரை ஒரு வேன் பின்னால் வந்து இடித்தது. அந்த நேரம் பின்னிருக்கையில் வலப்பக்கம் திரும்பி மகளோடு பேசிக்கொண்டிருந்தேன். காயம் எதுவும் இல்லை. கழுத்து மட்டும் ஒரு வெட்டு வெட்டி நின்றது. ராத்திரி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் தலையணையை விட்டுத் தலையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தலையைத் தாங்கிப் பிடித்துத்தான் எழுந்தேன்.

மாத்திரை, காலர், பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "வயதுக்கு ஏற்ற தேய்மானம்" என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதன் பிறகு வீட்டில் யாரையும் நம்ப வைக்க முடியவில்லை. வலி வலப்பக்கம், கழுத்தடியில் ஆரம்பித்துத் தோள் மேட்டுக்கு வரும். கைக்கு இறங்காது, விரல் மரக்காது. மெஷினில் பத்து நிமிஷம் குனிந்தால் போதும், பிடித்துக்கொள்ளும். காஜா வேலை முழுக்க வெளியே கொடுத்துவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை வலி சிகிச்சை மருத்துவர் ஊசி போட்டார். குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே, வலப்பக்கம் இரண்டு இடத்தில் போட்டார். 11 மணிக்கு ஊசி. 11.20க்கு எழுந்து தலையைத் திருப்பினேன், வலி இல்லை! வீட்டுக்கு வந்ததும் மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்து முடித்தேன். இரண்டு வருஷமாக ஒரே மூச்சில் அதைச் செய்ததில்லை.

நாலு மணிக்கு மேல் கழுத்தடியில் லேசாக ஊற ஆரம்பித்தது. ஆறு மணிக்குப் பழையபடி ஆகிவிட்டது. உட்கார்ந்து அழுதேன். போன் செய்தால் மருத்துவர், "ரொம்ப நல்லது, இன்னொரு நாள் இதையே வேறு மருந்தில் போட்டுப் பார்ப்போம்" என்கிறார். திரும்பி வந்த வலியில் நல்லது எங்கே இருக்கிறது? காசுக்காக இழுக்கிறார்களோ என்று கணவர் கேட்கிறார். இந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வேர்க்கால்:

தங்கச்சி, உங்கள் செவ்வாய்க்கிழமையைப் படித்ததும் எனக்கு என் முதல் ஊசி நாள் ஞாபகம் வந்துவிட்டது. நானும் அன்று சாயங்காலம் அழுதேன். யாரும் முன்கூட்டி ஒழுங்காகச் சொல்லாததுதான் காரணம்.

உங்களுக்குப் போட்டது வைத்தியம் இல்லை, சோதனை. கழுத்தெலும்புகளின் பின்பக்கம், இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன. ஃபேசட் மூட்டு என்பார்கள். பின்னாலிருந்து இடி வாங்கும்போது கழுத்து ஒரு கணம் பாம்பு நெளிவது போல வளைகிறது. மேல்பாதி முன்னால் மடங்க, கீழ்பாதி பின்னால் மடங்கும். அப்போது இந்த மூட்டைச் சுற்றியுள்ள உறை இழுபட்டு நசுங்குகிறது. தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தால் இழுப்பு இன்னும் கூடும், நீங்கள் திரும்பித்தானே இருந்தீர்கள். இந்தக் காயம் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.யில் தெரியாது. படம் சுத்தமாக இருப்பதால் வலி பொய் ஆகிவிடாது. இதை உங்கள் வீட்டில் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள்.

படத்தில் தெரியாததை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த மூட்டின் வலியை மூளைக்குக் கொண்டு போகும் மெல்லிய நரம்பைக் கொஞ்ச நேரம் மரக்க வைத்துப் பார்க்கிறார்கள். மீடியல் பிராஞ்ச் பிளாக் என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கும். ஒரு மூட்டுக்கு இரண்டு நரம்பு வருவதால்தான் இரண்டு இடத்தில் குத்தினார்கள். ஒவ்வொன்றிலும் அரை மில்லி அளவுதான் போகும். அதிகம் போனால் பக்கத்துத் தசை, நரம்பெல்லாம் மரத்து, விடை குழம்பிவிடும். மருந்தின் வேலை சில மணி நேரம்தான். அது முடிந்ததும் வலி திரும்பியே ஆக வேண்டும். உங்கள் வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறது என்பதை அந்தச் சட்டைக் காலர் சொல்லிவிட்டது.

அப்படியானால் இரண்டாவது ஊசி எதற்கு? ஒரே ஒரு ஊசியை நம்பினால் நூற்றில் 27 பேருக்குத் தப்பான "ஆமாம்" வந்துவிடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் போக்டக் என்ற மருத்துவரின் குழு 1993ல் கண்டது. அதனால் ஒரு தடவை பியூபிவக்கெயின், ஒரு தடவை லிக்னோகெயின் என்று மரப்பு மருந்தை மாற்றிப் போடுகிறார்கள். முதலாவது நீண்ட நேரம் நிற்கும், இரண்டாவது சீக்கிரம் போய்விடும். வலி இல்லாத நேரமும் அதற்கேற்ப நீண்டு குறைந்தால் விடை உறுதி. உங்கள் மருத்துவர் நிதானமாகப் போகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் கணவரின் சந்தேகமும் நியாயமானதுதான். இரண்டாவது ஊசிக்குப் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரையே மருத்துவரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டு முறையும் விடை ஒன்றாக வந்தால் அடுத்தது ரேடியோ ஃபிரீக்வன்சி. அதே நரம்பை ஊசி முனையின் சூட்டில், ஏறக்குறைய 80 டிகிரியில், கருக்கிவிடுவது. அதே குழு 1996ல், விபத்தில் கழுத்து வலி வந்த 24 பேரை வைத்துச் சோதித்தது. பாதிப் பேருக்கு உண்மையான சூடு, மீதிப் பேருக்கு ஊசி மட்டும் வைத்துச் சூடு கொடுக்காமல் விட்டார்கள். வலி பாதி அளவுக்குத் திரும்பி வர, சூடு வைத்தவர்களில் நடுவாக நிற்பவருக்கு 263 நாள் ஆனது. மற்றவர்களில் 8 நாள்தான். நரம்பு மறுபடி வளரும், வலியும் வரும், அப்போது திரும்பச் செய்துகொள்ளலாம். எனக்கு முதல் முறை பதினோரு மாதம் நின்றது.

அதன் கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். செய்த பிறகு இரண்டு வாரம் வெயிலில் தோல் கருகியது போல ஒரு எரிச்சல் இருந்தது. எனக்குப் பின்தலைக்குப் போகும் நரம்பு என்பதால் கொஞ்ச நாள் தலை சுற்றி, சுவரைப் பிடித்து நடந்தேன். சீப்பு படும் இடத்தில் தோல் மரத்துக் கிடந்தது. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஒரு வருஷமாக மறந்துபோன தூக்கம் திரும்பி வந்தது.

கரைமேடு:

எனக்கு வேற மாதிரி நடந்துச்சு, அதையும் சொல்லணும். ரெண்டு ஜோடி நரம்புல போட்டுப் பாத்தாங்க, ஒரு மணி நேரம் கூட வலி குறையல. "மூட்டு இல்ல, வேற இடம்"னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு மனசு ஒடஞ்சு போச்சு. ஆனா வேண்டாத சூட்டு ஊசி எனக்கு வைக்கல பாருங்க, அதுக்கு இப்ப வரைக்கும் நன்றியா இருக்கேன்.

இன்னொண்ணு. அதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல, மூட்டுக்குள்ளயே ஸ்டீராய்டு போட்டாங்க, மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் நாலு நாள்தான். எனக்குச் சர்க்கரை இருக்கு, அது ஏறினது தனிக்கதை. விபத்து வலிக்கு மூட்டுல ஸ்டீராய்டு போட்டா வெறும் மரப்பு மருந்த விட மேல ஒண்ணும் இல்லன்னு 1994லயே 41 பேர வெச்சுப் பாத்திருக்காங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. யாராவது உங்களுக்கு அதைச் சொன்னா, எதுக்குன்னு கேளுங்க.

பிசியோ ஒருவர்:

நான் இயன்முறை சிகிச்சையாளர். நூல்கண்டு அம்மா, அடுத்த ஊசி நாளுக்குச் சில விஷயங்கள். காலையில் வலி மாத்திரை போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள், ஏனென்றால் வலியோடு போனால்தான் வலி போனது தெரியும். மயக்க ஊசியும் அதே காரணத்துக்காகத் தவிர்க்கப்படும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலி குறைந்த நேரத்தில் படுத்துக்கொண்டிருந்தால் பயன் இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை, பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள், எந்த அசைவில் என்றும் சேர்த்து. மெஷினில் உட்கார்ந்தீர்களே, அதை விடச் சரியான சோதனை கிடையாது.

கை பலமிழப்பது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, ஊசிக்குப் பிறகு காய்ச்சல், இவற்றில் ஏதாவது வந்தால் தேதி வரக் காத்திருக்காமல் உடனே போங்கள். சூட்டு ஊசி பலன் தந்தால் அந்த மாதங்களில் கழுத்தின் உள்தசைகளுக்குப் பயிற்சி செய்துவிட வேண்டும். இரண்டு வருஷம் வலிக்குப் பயந்து வேலை செய்யாத தசைகள் அவை.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னதை வீட்டில் சத்தமாகவே படித்தேன். "படம் சுத்தமாக இருப்பதால் வலி பொய் ஆகிவிடாது" என்ற இடத்தில் மகள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவர் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அவரே மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்டார்.

முதல் நாள் போட்டது பியூபிவக்கெயின்தானாம். அடுத்த புதன்கிழமை லிக்னோகெயின். இரண்டு மணி நேரம் நின்றாலே போதும் என்றார். கரைமேடு சொன்னதையும் வைத்து, ஸ்டீராய்டு கலப்பீர்களா என்று கேட்டேன். இல்லை, வெறும் மரப்பு மருந்து மட்டும்தான் என்றார்.

முன்பு எந்தெந்த நேரம் எவ்வளவு வலி என்று எழுதி வைக்கத் தோன்றவில்லை. இந்த முறை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 9 மணியிலிருந்து 6 மணி வரைக்கும் அரை மணிக்கு ஒரு கோடு போட்டு வைத்துவிட்டேன். வெளியே கொடுக்க இருந்த சட்டைகளில் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏழு காஜா. புதன்கிழமை ஊசி போட்டு வந்ததும் குனிந்து உட்கார்ந்து அதை நானே எடுக்கப் போகிறேன். எத்தனையாவது காஜாவில் வலி வந்தது என்று இங்கே வந்து எழுதுகிறேன்.