தொகுநேரமும் பகுநேரமும்

வணக்கம்.

சி என்னும் நிரல்மொழியில் இன்றைய நாளையும் நேரத்தையும் திரையில் காட்டும் சிறு நிரலை விளக்குவதற்கு நண்பர் முன்வைத்துள்ள 'நாட்காட்டி நேரம்', 'உடைந்த நேரம்' ஆகிய இரண்டும் சி தரநிலையிலுள்ள ஆங்கிலத் தொடர்களின் நேர்ப்பெயர்ப்புகளே என்றாலும், இரண்டையும் ஏற்கத் தயங்குகிறேன்.

நண்பர் 'நாட்காட்டி நேரம்' என்பது, டைம் என்னும் செயற்கூறு (நிரலில் ஒரு வேலையைச் செய்துதரும் பகுதி) திருப்பித் தரும் ஒரே ஓர் எண்ணை. யூனிக்ஸ் என்னும் இயக்குதளத்தின் வழிவந்த கணினிகளில் அது 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவு முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கை. அது 100 கோடியைத் தொட்டபோது இந்திய நேரப்படி 2001 செப்டம்பர் 9, காலை 7 மணி 16 நிமிடம் 40 நொடி. அந்தப் பத்து இலக்க எண்ணைப் பார்த்து எவருக்கும் நாட்காட்டி நினைவுக்கு வராது. நாள், மாதம், ஆண்டு எனப் பிரித்துவைத்திருப்பது லோக்கல்டைம் என்னும் செயற்கூறு தரும், ஒன்பது உறுப்புகள் கொண்ட கட்டுருதான் (பல மதிப்புகளை ஒன்றாக வைத்திருக்கும் அமைப்பு). அதற்கோ 'உடைந்த' என்ற அடை, பழுதான கடிகாரத்தைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. 2024 பொங்கலன்று என் மாணவி ஒருவர் எழுதிய நிரல் 15-0-124 என்று காட்டியது. மாதம் 0 முதல் எண்ணப்படுவதும் ஆண்டில் 1900 கழிக்கப்பட்டிருப்பதுமே காரணம். பாடத்தில் 'உடைந்த நேரம்' என்று இருந்திருந்தால், உடைந்ததால்தான் இப்படி வந்தது என்று அவர் நம்பியிருப்பார்.

கட்டுருவுக்குப் 'பகுநேரம்' என்பது என் பரிந்துரை. பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்துப் பழகியவர்களுக்கு இது விளக்கமின்றியே புரியும்.

ஒற்றை எண்ணுக்குப் பெயர் வைப்பதுதான் கடினம். 'நொடியெண்' எளிய சொல். ஆனால் அந்த எண் நொடிகளில்தான் இருக்க வேண்டும் என்று சி தரநிலை விதிக்கவில்லை, இரு நேரங்களின் இடைவெளியை நொடிகளில் பெற டிஃப்டைம் என்று தனிச் செயற்கூறு இருப்பதும் அதனால்தான். பகாப்பதத்தை ஒட்டிப் 'பகாநேரம்' என்று நானே முதலில் எழுதிவைத்திருந்தேன். பகா எண் குறுக்கே வந்து நிற்கவே அதைக் கைவிட்டேன்.

இப்போது 'தொகுநேரம்' என்பதில் நிற்கிறேன். கலியுகத் தொடக்கம் முதல் கழிந்த நாள்களை ஒரே எண்ணாக்கி, அதிலிருந்து கணக்கிடும் வழக்கம் பஞ்சாங்கக் கணிதத்தில் உண்டு. அந்த எண்ணுக்குரிய 'அகர்கணம்' என்ற வடசொல்லின் பொருளும் நாள்களின் தொகுதி என்பதே. இச்சொல்லைக் கொண்டால் வினைகளும் தாமே அமைகின்றன: லோக்கல்டைம் தொகுநேரத்தைப் பகுக்கிறது, மேக்டைம் என்னும் செயற்கூறு பகுநேரத்தைத் தொகுக்கிறது. பகுநேரத்தில் ஜனவரி 32 என்று கொடுத்தாலும் அதைப் பிப்ரவரி 1 ஆக மேக்டைம் திருத்திக்கொள்வதை விளக்கும்போது, 'தொகுக்கையில் சரிசெய்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரைத் 'தொகுப்பி' என்று சொல்வோர் இங்கு உள்ளதால் குழப்பம் வரும் என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். நிரலைத் தொகுப்பதும் நேரத்தைத் தொகுப்பதும் செயப்படுபொருளாலேயே பிரிந்துவிடும் என்பது என் எண்ணம். ஒரே பத்தியில் இரண்டும் வந்து தடுமாறவைக்கும் எடுத்துக்காட்டு எவரிடமாவது இருந்தால் காட்டுங்கள், சொல்லை மாற்றிக்கொள்கிறேன்.