மறு: ‘லெடிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

நம் துப்பாக்கிக் கலைச்சொல் அகராதியில் ‘லெடிங்’ (leading) என்பதற்கு ஒருவர் முன்வைத்த ‘மென்னீயக் கறை’ எனக்குச் சரியாகப் படவில்லை. காரீயக் கலவையில் வார்த்த குண்டைச் சுட்டபின் துப்பாக்கிக் குழலின் உள்ளே ஒட்டிக்கொள்ளும் உலோகத்துக்குத்தானே பெயர் தேடுகிறோம்? குண்டு மென்மையாக இருந்ததால்தான் ஒட்டியது என்று இந்தப் பெயர் தீர்ப்பே எழுதிவிடுகிறது. குறைந்த வேகத்தில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு.

அமெரிக்காவில் பழைய பாணி ரிவால்வர்களுக்கு வீட்டில் குண்டு வார்ப்பவர்கள் பலர் விநாடிக்கு 700, 800 அடி வேகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் போய் அச்சுக்கூட லைனோடைப் உலோகத்தை (உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் பிரினெல் எண் 22 அளவில்) உருக்கி ஊற்றினால் வீண் கெட்டி. வாயுவின் அழுத்தம் குண்டின் அடியை விரிக்கப் போதாது. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே சந்து விழும். சூடான வாயு அதில் புகுந்து ஓரத்தை அரித்துக்கொண்டு போகும். அரித்தது பெரும்பாலும் குழல் தொடங்குமிடத்திலேயே படியும். பழைய பிரஷ்ஷில் செம்பு நாரைச் சுற்றித் தேய்த்தால் வெள்ளிச் சருகாக உரிந்து வரும். இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் பிரினெல் எண் 10ஐ ஒட்டி வரும். அந்த வேகத்துக்கு அதுவே தாராளம். (குண்டு குழலைவிட ஒரு நூலிழை பெரிதாக இல்லாவிட்டால் எந்தக் கலவையும் காப்பாற்றாது, அது வேறு கதை.) 1849இல் பிரான்சில் வந்த மினியே குண்டு மென்காரீயத்தில் வார்க்கப்பட்டதும் இதற்காகத்தான்: அடிக்குழி விரிந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பற்ற வேண்டும்.

ஆகவே ‘காரீயப்பற்று’ என்று வைக்கலாம். எதனால் என்பதில் தலையிடாமல், ஒட்டியிருப்பதை மட்டும் சொல்கிறது. இன்னொருவர் சொன்ன ‘ஈயப்பூச்சு’ வேண்டவே வேண்டாம். ஈயம் பூசுவது என்றால் பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுவது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயமே. காரீயத்தில் வைத்தால் நஞ்சு. கலவைக் குறிப்பில் வெறுமனே ‘ஈயம்’ என்று எழுதினால் எதை எவ்வளவு போடுவது? இந்த அகராதியிலாவது காரீயம், வெள்ளீயம் என்று முழுதாக எழுதுவோம்.

குண்டின் அடி விரிந்து சந்தை அடைப்பதற்கு ‘விரியடைப்பு’. வெறும் ‘அடைப்பு’ என்றால் குழலில் ஏதோ சிக்கியதாகப் படும்.

‘ஹார்ட்னஸ்’ (hardness) என்பதற்குக் ‘கடினத்தன்மை’ பாடநூலில் ஊறிவிட்டது, இருக்கட்டும். அப்புறம், குண்டுக் கலவையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ஆன்டிமனிக்கு ‘அஞ்சனக்கல்’ பொருந்தாது. அது கந்தகம் கலந்த கனிமத்தின் பெயர். உலோகத்தை ஆன்டிமனி என்றே விடலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.