வின்னிபெக்கில் முதல் குளிர்காலம்: காரில் என்னென்ன செய்ய வேண்டும்?

வைகைக்கரை:
ஆகஸ்டில்தான் மதுரையிலிருந்து கனடாவின் வின்னிபெக்குக்கு வந்தோம். போன வாரம் பழைய 2014 கொரோலா ஒன்று வாங்கினேன். முன் கிரில்லிலிருந்து ஒரு கரண்ட் வயர் பிளக்கோடு தொங்குகிறது. எதற்கு என்று கேட்க மறந்துவிட்டேன். அபார்ட்மெண்டில் திறந்தவெளி பார்க்கிங்தான். காலை 6 மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், இரண்டு வயது மகளையும் காப்பகத்தில் விட வேண்டும். ஆல் சீசன் டயர் இருக்கிறது. எல்லாப் பருவத்துக்கும் என்றுதானே பெயர், அது போதாதா?

வல்வையான்:
தம்பி, அந்த வயர்தான் ஜனவரியில் உங்களை வேலைக்கு அனுப்பப்போகிறது. பிளாக் ஹீட்டர் என்பார்கள். எஞ்சினுக்குள் இருக்கும் கூலண்டைச் சூடாக்கி வைக்கும். கடும் குளிரில் ஒயில் சீனிப்பாணி மாதிரித் தடித்துவிடும், எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் பலம் வேண்டும். பற்றரியோ மைனஸ் 18க்கு வரும்போதே ஏறக்குறையப் பாதிப் பலத்தை இழந்துவிடும். இரண்டும் ஒரே விடியற்காலையில் சேர்ந்துதான் வரும். மைனஸ் 15க்குக் கீழே போகும் என்றால் செருகிவிடுங்கள். டைமர் ஒன்று வாங்கி இரவு இரண்டு மணிக்கு வைத்தால் உங்கள் ஆறு மணிக்குச் சரியாக இருக்கும். பார்க்கிங் தூணில் மின்சாரம் வருகிறதா என்று இன்றைக்கே ஒரு விளக்கைச் செருகிப் பாருங்கள். ஹீட்டர் வேலை செய்தால் பொனற்றுக்குப் பக்கத்தில் மெல்லிய இரைச்சல் கேட்கும்.

ஆல் சீசன் போதாது. 7 பாகைக்குக் கீழே அந்த ரப்பர் இறுகத் தொடங்கிவிடும், பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த அடையாளம் இருக்கிற ரயராகப் பார்த்து வாங்குங்கள். நாலும் வேண்டும். முன்னுக்கு மட்டும் இரண்டு போட்டால் வளைவில் பின்பக்கம் சுழன்றுவிடும். கியூபெக் மாகாணம் மாதிரி குளிர்கால ரயர் போட்டே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை, அதனால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நம் மாகாண அரசின் வாகனக் காப்புறுதியான மனிடோபா பொதுக் காப்புறுதியில் இதற்கென்றே குறைந்த வட்டிக் கடன் இருக்கிறது, விசாரியுங்கள்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் குளிர்காலம், பெரிமீட்டர் நெடுஞ்சாலையில் கார் நின்றுபோனது. மைனஸ் 31. இழுவை வண்டி வர ஒன்றரை மணித்தியாலம். எஞ்சின் இல்லையென்றால் ஹீட்டரும் இல்லை. வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து வேலைக்குத்தானே என்று சாதாரணச் சப்பாத்தோடு போயிருந்தேன். இருபது நிமிடத்தில் கால்விரல் இருக்கிற உணர்வே இல்லை. மனைவி தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி என் காலில் சுற்றினார். அவர் நடுங்கியது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. தம்பி, பின்னால் ஒரு பெட்டி வையுங்கள்: ஆளுக்கொரு கம்பளி, பனிச் சப்பாத்து, மண்வெட்டி, இன்னொரு காரின் பற்றரியிலிருந்து ஸ்டார்ட் செய்ய பூஸ்டர் கேபிள், கார்ச் சில்லு பனியில் சிக்கினால் தூவ ஒரு பை மணல். பெற்றோலை அரைத் தாங்கிக்குக் கீழே விடாதீர்கள்.

குயில், எட்மன்டன்:
குழந்தை இருக்கிறாள் என்றதால் இதைச் சொல்ல வேண்டும். தடித்த குளிர்கோட்டோடு சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போடாதீர்கள். இறுக்கமாக இருப்பது போலத் தெரியும். மோதினால் கோட்டு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பெல்ட்டைப் போட்டுவிட்டு, கோட்டை மேலே போர்த்துங்கள். பனி கொட்டிய காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் சைலன்சர் வாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே இருக்காது. நான் மகனை உட்காரவைப்பதற்கு முன்பே அங்கே தோண்டிவிடுவேன். அப்புறம் கண்ணாடி கழுவும் திரவம், கோடையில் ஊற்றியது உறைந்துவிடும். மைனஸ் 40 என்று போட்டிருப்பதை ஊற்றுங்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் ரொம்ப நன்றி. விளக்கைச் செருகிப் பார்த்தேன் அண்ணா, எரியவில்லை. கட்டடப் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். குளிர்கால டயருக்கு அக்டோபர் கடைசியில் நேரம் கிடைத்திருக்கிறது. பேட்டரியில் 2019 என்று ஒட்டியிருக்கிறது. இப்போது நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகிறது, மாற்றியே ஆக வேண்டுமா?

வல்வையான்:
மாற்றுங்கள் தம்பி. இப்போது ஸ்டார்ட் ஆவதை நம்ப வேண்டாம், என்னுடையதும் அக்டோபரில் வடிவாக ஸ்டார்ட் ஆனதுதான். வாங்கும்போது பழையதையும் கொண்டுபோங்கள், அதற்கென்று சேர்த்து வாங்கும் வைப்புப் பணம் உங்கள் கைக்கு வந்துவிடும்.