பூனைக்குச் சுகர்: வீட்டில் ரத்தம் எடுக்கவே முடியவில்லை, உதவுங்கள்

பஞ்சு வீடு:
எங்கள் பஞ்சுவுக்கு 11 வயது, கருத்தடை செய்த ஆண் பூனை. 7 கிலோ இருந்தவன் இரண்டே மாதத்தில் 5.6 கிலோவுக்கு வந்துவிட்டான். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர்வதில்லை. மண் தட்டில் எலுமிச்சை அளவில் கிடந்த சிறுநீர்க் கட்டி சாத்துக்குடி அளவுக்கு ஆனபோதுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் 412, சிறுநீரிலும் சர்க்கரை. கிளார்ஜின் இன்சுலின் 1 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை போடச் சொல்லியிருக்கிறார்.

ஊசி போடுவது சுலபமாகத்தான் இருக்கிறது. சாப்பிடும்போது தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சுகர் பார்ப்பதுதான் முடியவில்லை. அப்பாவின் குளுக்கோமீட்டரை வைத்துக் காதில் குத்துகிறேன், மூன்று தடவை குத்தினால் ஒரு தடவை ரத்தம் வருகிறது, அதுவும் முடியில் பரவிவிடுகிறது. நேற்று கட்டிலுக்கு அடியில் போனவன் ராத்திரி வரை வெளியே வரவில்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிடைத்த ஒரே ரீடிங் 268. அங்கே 412, இங்கே 268, எதை நம்புவது? தினமும் குத்தத்தான் வேண்டுமா?

மாடிவீட்டுப் பூனைகள்:
அக்கா, முதலில் காதைச் சூடாக்குங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். ஒரு சாக்ஸில் இரண்டு பிடி அரிசி போட்டுக் கட்டி லேசாகச் சூடாக்கி, உங்கள் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, காதில் ஒரு நிமிடம் ஒத்தி வையுங்கள். பிறகு காதைப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடும். குத்த வேண்டியது அந்த நரம்பில் இல்லை, நரம்புக்கும் விளிம்புக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடத்தில். அங்கே கொஞ்சூண்டு வாசலின் தடவிவிட்டால் ரத்தம் முடியில் பரவாமல் முத்து மாதிரி நிற்கும். ஸ்ட்ரிப்பின் நுனியைப் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். காதுக்குப் பின்னால் பஞ்சை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் விரலில் குத்திக்கொள்ள மாட்டீர்கள்.

பேனா மாதிரிக் கருவி 'டக்' என்று சத்தம் போடும், அதில்தான் பாதிப் பூனைகள் மிரளுகின்றன. அதற்குள் இருக்கும் லான்செட்டை, அதாவது குத்தும் குட்டி ஊசியை, வெறும் கையில் பிடித்துக் குத்துங்கள். அப்புறம், ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று, அதே இடத்தில், அதே பாயில். இரண்டு தடவை குத்தியும் வரவில்லையென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுப் பெண் பூனை மூன்றாவது வாரத்தில் மீட்டர் டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே பாயில் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

கருப்பியின் ஆள்:
412-க்கும் 268-க்கும் நடுவில் குழம்ப வேண்டாம், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பூனை பயந்தாலே சுகர் ஏறிவிடும். ஆட்டோ, கூண்டு, நாய்க் குரைப்பு என்று போய்ச் சேர்வதற்குள் சுகர் இல்லாத பூனைக்கே 300 கூடத் தொடலாம். அதனால்தான் இரண்டு மூன்று வார சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனை இருக்கிறது, எடுத்தார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்தே காட்டும், ஏனென்றால் சிவப்பணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே சர்க்கரை பிரிந்திருக்கும் விதம் பூனையில் வேறு. அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். ஒரே மீட்டரில் தொடர்ந்து பாருங்கள், எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒற்றை ரீடிங்கைப் பார்த்து டோஸைக் கூட்டிவிடாதீர்கள், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். டாக்டர் சொல்லும் நாளில் ஊசிக்கு முன் ஒன்று, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த ஊசி வரை எழுதிவையுங்கள். அதில் எது மிகக் குறைந்த எண், எத்தனை மணிக்கு வந்தது என்பதை வைத்துத்தான் டோஸ் முடிவாகும். மற்ற நாளில் ஊசிக்கு முன் பார்த்தால் எனக்கு நிம்மதி. குத்தவே விடாத பூனைக்குத் தோலில் ஒட்டும் சென்சாரும் உண்டு, 14 நாள் வரை ஓடும், ஆனால் சில பூனைகள் முன்னாடியே பிய்த்துவிடும்.

தென்னந்தோப்பு:
எல்லாம் சரி, உங்கள் ஊசியின் மூடி என்ன நிறம்? தயவுசெய்து இப்போதே போய்ப் பாருங்கள். கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்து, அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. நம் ஊரில் பல பேர் போடும் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி, அதற்குச் சிவப்பு மூடி. மருந்துக்கடையில் எனக்குச் சிவப்பு மூடியைத் தந்தார்கள், நானும் பார்க்காமல் அதில் 1 என்ற கோடு வரை எடுத்துப் போட்டுவிட்டேன். உள்ளே போனது 2.5 யூனிட். நான்கு மணி நேரத்தில் என் பூனை பின்னங்கால் தள்ளாடி, சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். மீட்டரில் 41. தேனை விரலில் எடுத்து ஈறில் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனோம், பிழைத்தான். வீட்டில் மீட்டர் இருந்ததால்தான் என்னவென்று அந்த நிமிடமே தெரிந்தது.

சாப்பிடாமல் இருந்தால் வழக்கமான டோஸைப் போட்டுவிடாதீர்கள், முதலில் டாக்டருக்குப் போன். உணவை மாற்றுவதாக இருந்தாலும் சொல்லிவிட்டு மாற்றுங்கள், மாவுச்சத்து குறைந்தால் சுகர் மளமளவென்று இறங்கும், பழைய டோஸ் அதிகமாகிவிடும்.

பஞ்சு வீடு:
மூடியைப் பார்த்தேன், ஆரஞ்சுதான். கை நடுங்கிவிட்டது எனக்கு. அரிசி சாக்ஸ், வாசலின், கோழி மூன்றும் வைத்து இன்று மாலை உட்கார்ந்தேன், இரண்டாவது குத்தில் முத்து மாதிரி நின்றது. 291. காதைப் பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்தபோதே கோழியைத் தின்று முடித்துவிட்டான், கட்டிலுக்கு அடியில் போகவில்லை. ஃப்ரக்டோசமைன் பற்றி நாளைக்குக் கேட்கிறேன். தேன் பாட்டிலை மீட்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.